ஆதிக்குடி மாணவரின் எண்ணறிவும் குடும்பத்தாரின் அதிகாரமும்

ஆஸ்திரேலிய ஆதிக்குடி மாணவரின் கணிதத் தேர்ச்சியைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் குறைபாட்டை மாணவரிடத்தும் அசிரத்தையை அவர்தம் குடும்பத்தாரிடத்தும் கண்டு, பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்துவிட்டால் பரிகாரம் கிட்டிவிடும் என்று முடிவு கட்டுகின்றனர். வாசிப்பிலும் எண்ணறிவிலும் ஆதிக்குடி மாணவருக்கும் ஏனையோருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பதென அந்நாட்டு அரசுகள் 2008இல் செய்த சங்கற்பம், 2018இல் முழுமையாக நிறைவேறவில்லை. குடும்பத்தார் பள்ளிக்கு வருவதைக் காட்டிலும், எதை எவ்வாறு கற்பிப்பது என்பதை ஆசிரியரோடு சேர்ந்து தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருப்பதே பிரதானம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆற்றலின்மை என்னும் ஐயத்தை முதற்கண் அகற்றிவிடலாம். எண்ணுப்பெயர்கள் மிகச் சிலவே வழங்கும் வார்ல்பிரி, அனிந்தில்யாக்வா மொழிகளைப் பேசும் நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளையும், மெல்போர்னில் ஆங்கிலம் பேசி வளரும் ஆதிக்குடிக் குழந்தைகளையும் ஒப்பிட்டு, பிரயன் பட்டர்வொர்த் முதலானோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பொருள்களின் தொகையை நினைவிற் கொள்வதிலும் சொல்லின்றிக் கூட்டுவதிலும் முன்னவர் பின்னவர்க்கு இளைத்தவரல்லர் எனக் காட்டியது. ஆகவே, தடையின் மூலகாரணத்தைக் குழந்தையின் புத்தியில் தேடாமல், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள சம்பந்தத்தில் தேடுவதே முறை.

அச்சம்பந்தமோ கசப்பான சரித்திரம் உடையது. நியூ சவுத் வேல்ஸில், வெள்ளைப் பெற்றோர் ஆட்சேபித்தால் ஆதிக்குடிப் பிள்ளையை விலக்கிவைக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு 1972 வரை இருந்தது. குழந்தைகளைக் குடும்பங்களினின்றும் அரசே பிரித்தெடுத்த கொடுமையை 1997ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. இவற்றை அனுபவித்த தலைமுறையினர் பள்ளி வாயிலில் தயங்குவதை அசிரத்தை என்பது நியாயமாகாது.

இத்தயக்கத்தைக் கடக்கும் மார்க்கத்தை, வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லாந்திலுள்ள யிர்க்கலா கிராமம் காட்டியிருக்கிறது. 1990இல் அங்குத் தலைமையாசிரியரான மண்டவுய் யுனுபிங்குவும் அப்பகுதி ஆதிக்குடியினரான ஏனைய யோல்ங்கு ஆசிரியர்களும் முதியோரைக் கலந்து உருவாக்கிய ‘கர்மா’ கணிதத்தில், ‘குர்ருட்டு’ என்னும் உறவுமுறை எண்முறையோடு ஒப்பவைத்துக் கற்பிக்கப்பட்டது. சில உறவுப்பெயர்கள் தலைமுறைதோறும் விதிப்படி மீண்டும் மீண்டும் வந்து சமுதாயம் முழுவதையும் தழுவுவதும், பத்து இலக்கங்கள் மீண்டும் மீண்டும் வந்து முடிவற்ற எண்களை ஆக்குவதும் ஒரே தர்க்கத்தின் இரு வடிவங்கள் அல்லவா? இந்த ஒப்புமையை முன்னின்று விளக்கும் தகுதி முதியோருக்கே உண்டு. பள்ளியில் அவர்கள் விருந்தினராக இராமல் ஆசான்களாயினர்.

இவ்வாறு செய்தால் கணிதம் நீர்த்துப்போகும், பின்னத்தையும் சதவீதத்தையும் வினவும் தேசியத் தேர்வில் மாணவர் பின்தங்குவர் என்பது அலட்சியப்படுத்தத்தகாத ஆட்சேபணை. ஆனால் யிர்க்கலாவினர் கோரியது இருவழிக் கல்வி. மேலைக் கணிதத்தை அவர்கள் கைவிடவில்லை, அதனுள் நுழையத் தம் பிள்ளைகள் அறிந்த வாசலையே நாடினர். உறவுமுறையைச் சித்திரமாகச் சுவரில் தொங்கவிட்டு, பாடத்தைப் பழையபடியே நடத்தும் பள்ளிக்கே அவ்வாட்சேபணை பொருந்தும்.

இத்தகைய தொலைதூர ஊர்களுக்கு வரும் வெளியூர் ஆசிரியர் பலர் சில ஆண்டுகளுக்குள் மாறிச் செல்வதால், கற்பித்தலின் தொடர்ச்சி உள்ளூர் ஆதிக்குடி உதவியாசிரியரிடமே தங்குகிறது. ஆதலின், அவர்களை முழுத் தகுதியுள்ள ஆசிரியராக்கும் பயிற்சியும், முதியோர் பாடம் வகுக்கச் செலவிடும் காலத்துக்கு உரிய ஊதியமும், கணிதத்தின் ஆழத்துக்கு வெளியூர் ஆசிரியர் ஏற்கும் பொறுப்பும் ஒருங்கே அமைய வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், குடும்பத்தாரின் பங்கேற்பு என்பது வருகைப் பதிவேட்டில் இடப்படும் கையொப்பமாகவே எஞ்சும்.