ஒப்பந்தமின்மை எனும் அச்சம்: பேரப் பேச்சிலிருந்து மருந்து அலமாரிக்கு (பிரிட்டன், 2016–2020)

2019 ஜனவரி 7ஆம் தேதி காலை, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மான்ஸ்டன் என்ற மூடப்பட்ட விமான நிலையத்தில் 89 லாரிகள் வந்து நின்றன. எந்தச் சரக்கையும் எங்கும் சேர்க்கும் அவசரம் அவற்றுக்கு இல்லை. ஓட்டுநர்களுக்குத் தலைக்கு 550 பவுண்டு பேசி, போக்குவரத்துத் துறையே அவர்களை அழைத்திருந்தது. ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள டோவர் துறைமுகம் வரை வரிசையாகப் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு ஒப்பந்தம் ஏதுமின்றி வெளியேற நேர்ந்தால் கடல் கடக்கக் காத்திருக்கும் லாரிகளை எங்கே நிறுத்தி எப்படி அனுப்புவது என்பதற்கான ஒத்திகை அது. 150 லாரிகளை எதிர்பார்த்தார்கள். பாதியைச் சற்றே தாண்டித்தான் வந்தன. பரபரப்பான நாளில் டோவர் வழியாகப் போய்வரும் லாரிகள் 10,000 வரை இருக்கும். நெரிசலை ஒத்திகை பார்க்கப் போன இடத்தில் நெரிசல் ஏற்படவே இல்லை. மறுநாள் நாளிதழ்களுக்கு நல்ல தீனி.

சிரிப்பதற்கு உரிய காட்சிதான். ஆனால் அந்த 89 லாரிகளும் மான்ஸ்டனுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று பின்னோக்கிப் போனால், சிரிப்பு குறைந்துவிடுகிறது. ‘நோ டீல்’ என்ற இரண்டு சொற்கள் பிரிட்டனின் பொதுவாழ்வில் நுழைந்தது எதிர்த்தரப்பை மிரட்டும் பேர உத்தியாக. இரண்டே ஆண்டில் அவை இன்சுலின் போட்டுக்கொள்பவரின் குளிர்ப்பெட்டிக்குள்ளும், லெட்டூஸ் கீரை அடுக்கும் கடைத்தட்டுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டன. ஊடக மிகை என்றோ மக்களின் பதற்றக் குணம் என்றோ இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரஸ்ஸல்ஸிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தை மிரட்டவும் சொந்தக் குடிமக்களைத் தேற்றவும் அரசு ஒரே வாயால் பேச வேண்டியிருந்தது. அச்சம் வளர்ந்தது அந்த இரட்டைப் பேச்சில்தான் என்பது என் வாதம்.

பழைய பசி

வெற்று அலமாரி பற்றிய பயம் பிரிட்டனுக்குப் புதிதல்ல. தன் உணவில் ஏறக்குறைய பாதியைக் கடல் தாண்டித் தருவிக்கும் தீவு அது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் குறிவைத்தது இந்தப் பலவீனத்தைத்தான். 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீடு, போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1954 ஜூலை 4 அன்றுதான் முழுதாக விலகியது. 2016இல் வாக்களித்த முதியோர் பலருடைய பிள்ளைப் பருவம் ரேஷன் புத்தகத்தோடு கழிந்தது.

1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அந்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலுக்குப் பங்கீட்டுக் கூப்பன் அச்சடித்து வழங்கும் அளவுக்குப் போயிற்று, பயன்படுத்த நேரவில்லை. மறு ஆண்டு சர்க்கரைத் தட்டுப்பாடு. இந்தப் பின்னணியில் 1975இல் நடந்த முதல் பொதுவாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் ஐரோப்பாவோடு இருப்போம் என்றார்கள். உள்ளே இருந்தால் உணவு உறுதி என்பது அன்றைய பிரச்சாரத்தின் வலுவான இழைகளில் ஒன்று. அடுத்த நாற்பதாண்டில் அந்த உறுதி பழகிப்போனது. ஒற்றைச் சந்தை 1993இல் நடைமுறைக்கு வந்தபின், டோவரில் இறங்கும் ஐரோப்பிய லாரியைச் சுங்கத்துக்காக நிறுத்தும் வழக்கமே மறைந்தது. கண்ணுக்குத் தெரியாமல் ஒழுங்காக நடப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு பேர வாக்கியம்

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் வெளியேறும் தரப்பு 51.9 சதவீதம் பெற்று வென்றது. அப்போதைய அச்சங்கள் பெரும்பாலும் பணம் பற்றியவை: பவுண்டு சரியும், வீட்டு விலை விழும், வேலை போகும். வெளியேறும் தரப்பு இவற்றையெல்லாம் சேர்த்து ‘ப்ராஜெக்ட் ஃபியர்’ என்று ஒரு பெயரிட்டு ஒதுக்கியது. 2014இல் ஸ்காட்லாந்தின் தனிநாட்டு வாக்கெடுப்பில் புழங்கிய பழைய சொல்தான் அது. இந்தப் பெயர் பிற்பாடு வகித்த பங்கைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. எச்சரிக்கை எது, பூச்சாண்டி எது என்று பிரித்துக் கேட்கும் காதையே அது மழுக்கிவிட்டது. துறைமுகப் பொறியாளர் சொன்னாலும் அது பூச்சாண்டி. மருந்தாளுநர் சொன்னாலும் பூச்சாண்டி.

2017 ஜனவரி 17 அன்று லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் பிரதமர் தெரசா மே உரையாற்றினார். மோசமான ஒப்பந்தத்தைவிட ஒப்பந்தம் இல்லாமலிருப்பதே மேல் என்றார். கேட்டவர்கள் இதைப் பேரம் பேசுபவரின் வழக்கமான முறுக்காக எடுத்துக்கொண்டார்கள். சந்தையில் விலை படியாவிட்டால் கடையை விட்டு நாலடி நடப்போமே, அதுபோல. ஆனால் இரண்டு மாதத்தில், மார்ச் 29 அன்று, ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் ஐம்பதாவது பிரிவின்படி விலகல் அறிவிப்பைக் கொடுத்ததும் கணக்கு மாறிவிட்டது. அப்பிரிவின்படி இரண்டு ஆண்டுக்குள் ஒப்பந்தம் ஏற்படாவிட்டால், காலக்கெடு நீட்டிக்கப்படாத வரை, வெளியேற்றம் தானாகவே நடந்துவிடும். ஒப்பந்தமின்மையை யாரும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டாலே அது வந்துவிடும். பிற்காலப் பதற்றத்தின் சட்ட வேர் இதுதான்.

மிரட்டல் நம்பும்படி இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தயாராவது தெரிய வேண்டும். தயாராவது தெரிந்தால் ஊர் பயப்படும். 2018 கோடை வரை அரசு இந்த முடிச்சை அவிழ்க்காமல், தயாரிப்பைப் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் வைத்திருந்தது.

ஆறு வார மருந்து

2018 ஆகஸ்ட் 23 அன்று முடிச்சு அவிழ்ந்தது. ஒப்பந்தமில்லாத நிலையில் யார் என்ன செய்ய வேண்டும் என்ற தொழில்நுட்பக் குறிப்புகளின் முதல் தொகுதியை அரசு வெளியிட்டது. போகப்போக அவை நூறைத் தாண்டின. அதே நாளில் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக், வழக்கமான இருப்புக்கு மேல் ஆறு வாரத்துக்கான மருந்தைக் கூடுதலாகச் சேர்த்துவைக்குமாறு மருந்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார். மருத்துவமனைகளும் மருத்துவர்களும் நோயாளிகளும் மட்டும் எதையும் கூடுதலாகச் சேர்க்க வேண்டாம் என்றும் கூடவே சொல்லப்பட்டது.

இந்த இரண்டு அறிவுரைகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் ஒரு நீரிழிவு நோயாளியை எண்ணிப் பாருங்கள். பிரிட்டன் பயன்படுத்தும் இன்சுலினில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. குளிரில் வைக்க வேண்டியது. கம்பெனி சேர்த்துவைக்க வேண்டுமாம், தான் சேர்க்கக் கூடாதாம். ஆபத்து இல்லையென்றால் அவர்கள் ஏன் சேர்க்க வேண்டும்? ஆபத்து உண்டென்றால் நான் ஏன் சேர்க்கக் கூடாது? விநியோகக் கணக்குப்படி அரசு சொன்னது சரிதான்: வீட்டுக்கு வீடு எடுத்து வைத்துக்கொண்டால், இல்லாத தட்டுப்பாட்டை ஒரே வாரத்தில் உண்டாக்கிவிடலாம். ஆனால் குளிர்ப்பெட்டியைத் திறந்து மிச்சமுள்ள பேனா ஊசிகளை எண்ணுகிறவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. தெரசா மேயே முதல் வகை நீரிழிவுக்காரர், இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதை அன்றைய விவாதங்களில் பலர் நினைவூட்டினார்கள்.

தமிழில் இந்த முரணுக்கு இரு தனிச் சொற்களே இருக்கின்றன. வியாபாரி செய்தால் ‘பதுக்கல்’, அரசு செய்தால் ‘கையிருப்பு’. ஆங்கிலத்திலும் அதே பாகுபாடு அந்த மாதங்களில் கூர்மையாயிற்று. வீட்டில் அரிசி, பாஸ்தா, டின் உணவு அடுக்கியவர்களை ‘ப்ரெப்பர்’ என்று அழைத்து, உலக முடிவுக்குக் காத்திருக்கும் கூட்டத்தோடு சேர்த்துப் படம் பிடித்துப் போட்டார்கள். சுகாதார அமைச்சரோ, உலகிலேயே அதிகமாக ஃப்ரிட்ஜ் வாங்குபவன் இப்போது நான்தான் என்று டிசம்பரில் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடவும் முடியாது. எலும்பு, இதய ஸ்கேன்களுக்குத் தேவையான டெக்னீசியம், மாலிப்டினம்-99 என்ற கதிரியக்க ஐசோடோப்பிலிருந்து கிடைக்கிறது. மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதிலிருந்து பிறக்கும் டெக்னீசியம் ஆறே மணி நேரத்தில். பிரிட்டன் அதை உற்பத்தி செய்வதில்லை. கிடங்கில் வைத்துப் பூட்ட முடியாத பொருள் இது. விமானத்தில் கொண்டுவருவோம் என்றது அரசு. 2019 தொடக்கத்தில், கடும் தட்டுப்பாட்டில் மருத்துவர் எழுதிய மருந்துக்கு மாற்றை மருந்தாளுநரே தர வழிசெய்யும் விதியும் வந்தது.

கீரையும் சாலையும்

டோவருக்கும் பிரான்ஸின் கலேக்கும் இடையிலான கடல்வழியை நாடு எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது என்பதைத் தான் முழுதாக உணர்ந்திருக்கவில்லை என்று வெளியேற்றத்துக்கான (பிரெக்ஸிட்) அமைச்சர் டொமினிக் ராப் 2018 நவம்பரில் பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். நேர்மைதான், ஆனால் கேட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு லாரிக்கும் இரண்டே நிமிடம் கூடுதலாகப் பிடித்தால் 17 மைல் வரிசை நிற்கும் என்று துறைமுகம் ஏற்கெனவே எச்சரித்திருந்தது.

டோவரைத் தவிர்க்க, ராம்ஸ்கேட்டிலிருந்து பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் வரையிலான வழியில் கப்பல் விடுவதென்று 13.8 மில்லியன் பவுண்டு ஒப்பந்தம் ஒரு நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அந்த நிறுவனத்திடம் ஒரு கப்பல்கூட இல்லை என்பது பிறகு தெரிந்தது. 2019 பிப்ரவரியில் ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தம் கொடுத்த முறையை எதிர்த்து, கால்வாய்ச் சுரங்கப்பாதையை நடத்தும் யூரோடனல் வழக்குப் போட, 33 மில்லியன் பவுண்டு கொடுத்து அரசு சமரசம் செய்துகொண்டது. நாட்டைத் தேற்ற எடுத்த ஏற்பாடே, தேற்றுகிறவர்களின் திறமை மேல் ஐயத்தை உண்டாக்கியது.

2019 ஜனவரி 28 அன்று பெரிய சில்லறைக் கடைகளும் உணவகத் தொடர்களும் சேர்ந்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விவசாய உண்மை இருந்தது. வெளியேறும் நாள் மார்ச் 29. மார்ச் பிரிட்டனின் வயலில் விளைச்சல் குறைந்திருக்கும் காலம். அந்த மாதத்தில் லெட்டூஸில் 90 சதவீதம், தக்காளியில் 80 சதவீதம், மென்பழங்களில் 70 சதவீதம் ஐரோப்பாவிலிருந்து வருபவை. டின் உணவை அடுக்கலாம். லெட்டூஸை எத்தனை நாள் அடுக்குவது? குளிர்பதனக் கிடங்குகளோ முந்தைய ஆண்டு இறுதிக்குள்ளாகவே ஏறக்குறைய நிறைந்துவிட்டன. வெளியேறும் கெடு பிறகு அக்டோபர் 31க்குத் தள்ளிப்போனபோது இன்னொரு சிக்கல்: கிறிஸ்துமஸ் சரக்கு ஏற்கெனவே கிடங்கை அடைத்திருக்கும் காலம் அது.

அச்சம் வெறும் மனநிலையாக நிற்கவில்லை. தேசியக் கணக்கேட்டில் பதிவாயிற்று. மார்ச் கெடுவுக்கு முன் நிறுவனங்கள் சரக்கை வாரிச் சேர்த்ததில் அன்றைய முதல் மதிப்பீட்டின்படி 2019 முதல் காலாண்டுப் பொருளாதாரம் 0.5 சதவீதம் வளர்ந்தது. வாங்கியதைத் தீர்க்கத் தொடங்கிய அடுத்த காலாண்டில் 0.2 சதவீதம் சுருங்கியது. கோடையில் விடும் பராமரிப்பு விடுமுறையைக் கார் தொழிற்சாலைகள் வெளியேறும் நாளையொட்டி ஏப்ரலுக்கு முன்தள்ளின. வெளியேற்றம் நடக்கவில்லை, விடுமுறை நடந்தது: அந்த ஏப்ரலில் கார் உற்பத்தி 44.5 சதவீதம் வீழ்ந்தது. நடக்காத ஒன்றுக்குக் கொடுத்த விலை இது.

அயர்லாந்தின் எல்லையோரத்தில் பயத்தின் முகமே வேறு. அங்கே கடைத்தட்டு இரண்டாம்பட்சம். 300 மைல் நீள எல்லையில் 200க்கும் மேற்பட்ட கடவைகள். வட அயர்லாந்து மோதலை முடித்த 1998 பெல்ஃபாஸ்ட் உடன்பாட்டுக்குப் பின் காவல் கோபுரங்கள் இறங்கி, எல்லை இருப்பதே தெரியாமல் போன நிலம். சுங்கச் சாவடி திரும்பினால் அதைத் தாக்க ஆள் வரும், தாக்கினால் காவல் வரும், காவலுக்குப் படை வரும் என்று எல்லையோர மக்கள் சொன்னது கற்பனை அல்ல, நினைவு. லண்டன் அந்த நினைவை மிகத் தாமதமாகத்தான் காதில் வாங்கியது.

மஞ்சள் பறவையின் பாட்டு

மே ஐரோப்பிய ஒன்றியத்தோடு எட்டிய விலகல் ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்ற கணக்கில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. பிறகு மேலும் இரு முறை அது தோற்றது. ஜூலையில் பிரதமராக வந்த போரிஸ் ஜான்சன், என்ன ஆனாலும் அக்டோபர் 31 அன்று வெளியேற்றம் என்றார். ஆகஸ்ட் 18 அன்று ‘சண்டே டைம்ஸ்’ ஒப்பந்தமின்மை பற்றிய அரசின் ரகசிய ஆவணம் ஒன்றை வெளியிட்டது. பெயர் ‘ஆபரேஷன் யெல்லோஹாமர்’. யெல்லோஹாமர் என்பது வயல்வேலிகளில் உட்கார்ந்து பாடும் மஞ்சள் சிறுபறவை. ‘துளி ரொட்டி, சீஸ் கிடையாது’ என்று அது கூவுவதாக ஆங்கிலேயக் கிராமத்தார் காலங்காலமாகச் சொல்வதுண்டு. சங்கேதப் பெயர் வைத்த அதிகாரிக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ.

ஆங்கிலக் கால்வாய் கடக்கும் லாரி ஓட்டம் 40 முதல் 60 சதவீதமாகக் குறையலாம். ஒரு லாரி இரண்டரை நாள் வரை காத்திருக்க நேரலாம். மருந்தில் முக்கால் பங்கு இந்தக் குறுகிய கடல்வழியில்தான் வருகிறது. சில வகைப் புது உணவு குறையும், விலை ஏறும், ஏழைகளைத்தான் அதிகம் தாக்கும் என்றெல்லாம் அதில் இருந்தது. நாடாளுமன்றம் கட்டாயப்படுத்தியதால் செப்டம்பர் 11 அன்று அரசே அதை வெளியிட்டது, ஒரு பத்தியைக் கறுப்பு மையால் மறைத்து. கசிந்த பிரதியில் ‘அடிப்படை நிலை’ என்றிருந்த தலைப்பு, வெளியான பிரதியில் ‘நியாயமாக எதிர்பார்க்கத்தக்க மிக மோசமான நிலை’ என்று மாறியிருந்தது. இரட்டைப் பேச்சு இங்கே ஒரே தாளில் வந்துவிட்டது. அதே மாதத்தில்தான் ‘பிரெக்ஸிட்டுக்குத் தயாராகுங்கள்’ என்ற 100 மில்லியன் பவுண்டு விளம்பரம் பேருந்து நிறுத்தங்களில் ஏறியது. 46 மில்லியன் செலவானதோடு நின்ற அந்தப் பிரச்சாரம் மக்களைத் தயார்ப்படுத்தியதற்குச் சான்று குறைவு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் பின்னர் எழுதியது. கெடு மீண்டும் தள்ளிப்போனதால், அக்டோபர் 31 தேதியிட்டு அச்சடித்த 50 பென்ஸ் நாணயங்களை உருக்கினார்கள்.

2020 ஜனவரி 31 அன்று விலகல் உடன்பாட்டோடு பிரிட்டன் வெளியேறியது. வணிக ஒப்பந்தம் மட்டும் பாக்கி. கெடு டிசம்பர் 31. அந்த ஆண்டு கடைத்தட்டுகள் காலியானது மார்ச்சில், கொரோனாவால்.

டிசம்பர் 20 இரவு, கென்டில் பரவிய புதிய வகை வைரஸுக்கு அஞ்சி பிரான்ஸ் எல்லையை மூடியது. லெட்டூஸ், காலிஃபிளவர், பிராக்கோலிக்குத் தட்டுப்பாடு வரலாம் என்று ஒரு பெரிய கடைத்தொடர் மறுநாளே எச்சரித்தது. யெல்லோஹாமர் எழுதிய காட்சி, அது எழுதாத ஒரு காரணத்தால் வந்து நின்றது. மான்ஸ்டன் ஓடுதளத்தில் இப்போது நின்றவை ஆயிரக்கணக்கான லாரிகள், ஒத்திகையல்ல. நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்ட ஓட்டுநர்களுக்கு கிரேவ்செண்ட் குருத்வாராவின் சீக்கியர்கள் கொண்டைக்கடலைக் குழம்பும் சோறும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டிசம்பர் 24 அன்று வணிக ஒப்பந்தம் கையெழுத்துக்குத் தயார் என்ற அறிவிப்பு வந்தபோதும் ஓட்டுநர்களில் பலர் வீடு திரும்பவில்லை.

புத்தாண்டில் பிரான்ஸ் தன் பக்கம் சோதனையைத் தொடங்கியது. பிரிட்டன் தன் பக்கம் தொடங்கவில்லை. ஐரோப்பியச் சரக்குக்கான இறக்குமதிச் சோதனைகளை அரசு திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டது. உணவுப் பொருள்களை நேரில் திறந்து பார்க்கும் சோதனை தொடங்கியது 2024 ஏப்ரல் 30 அன்றுதான்.