புட்னி ஆலயத்தில் தொடங்கிய வாக்குவாதம்

டிஸ்ட்ரிக்ட் லைனில் புட்னி பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால், மறுகரையில் பரிசுத்த மரியாள் ஆலயம் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது நம்மில் பலர் அதைக் கண்டிருப்போம். உள்ளே போனவர்கள் குறைவு. கட்டடத்தின் பெரும்பகுதி 1836இல் திருப்பிக் கட்டப்பட்டது. கோபுரம் பழையதே.

1647 ஒக்டோபர் 28 அன்று, முதலாம் சார்ள்ஸ் அரசனைப் போரில் தோற்கடித்த பாராளுமன்றப் படையின் அதிகாரிகளும் சாதாரணச் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் இங்கேதான் கூடினார்கள். ஒலிவர் குரொம்வெல் தலைமை வகித்தார். இனி நாட்டை ஆளுகிறவர்களை யார் தெரிவு செய்வது என்பதே பெரிய கேள்வி.

மறுநாள் அருகில் ஓர் அதிகாரி தங்கியிருந்த வீட்டில், ஜெபத்துக்குப் பின் பேச்சு சூடுபிடித்தது. சொத்தில்லாதவனுக்கு வாக்கு எதற்கு என்றார் குரொம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்டன். அவர் துணைக்கு எடுத்தவற்றில் ஒன்று, நாம் ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்த ஐந்தாம் கற்பனை. கேணல் தோமஸ் ரெய்ன்ஸ்பரோ விடவில்லை. யார் உண்மையான தகப்பன், யார் தாய் என்பதல்லவா பிரச்சினை. ஆளுகிறவர்களைத் தெரிவு செய்யக் குரலில்லாத மக்களை அந்தக் கற்பனை கட்டுப்படுத்தாது என்றார். பெரியவர்கள் சொல் கேள் என்று கேட்டே வளர்ந்த நம்மை இது திடுக்கிடத்தான் வைக்கிறது. ஆனாலும் அவர் வேதத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசவில்லை.

குறையும் உண்டு. பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வேலைக்காரரையும் பிச்சை எடுப்போரையும் விலக்கலாம் என்று சமத்துவம் பேசியவர்களிலேயே சிலர் இணங்கினார்கள்.

அயர்டனின் வாதம் நமக்கும் அந்நியமல்ல. பிரித்தானியாவில் பெண்களுக்குச் சம வாக்குரிமை கிடைத்தது 1928இல். மூன்றே ஆண்டுகளில் இலங்கையில் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு வந்தது. அதை வரவிடக்கூடாது என்று வாதாடியவர்களில் நம் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். நம்முடைய பூட்டன்மார் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்று வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். பதில் சுலபமாக வராது.

ரெய்ன்ஸ்பரோ அடுத்த ஆண்டே டொன்காஸ்டரில் அரசனின் ஆட்களால் கொல்லப்பட்டு, லண்டன் வொப்பிங்கில் அடக்கம் செய்யப்பட்டார். படையின் செயலாளர்களில் ஒருவரான வில்லியம் கிளார்க் எழுதிவைத்த குறிப்புகள் ஒக்ஸ்போர்ட் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் கிடந்து, 1890இல்தான் கண்டெடுக்கப்பட்டன. ஏழைக்கும் ஒரு வாழ்வுண்டு என்று அவர் சொன்ன வார்த்தைகள் இப்போது புட்னி ஆலயச் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன.