எக்போரா கார்ட்னெரே

எக்போரா கார்ட்னெரே என்பது மயோசீன் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 80 இலட்சம் முதல் 1 கோடி ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோர ஆழமற்ற கடலில் வாழ்ந்து அற்றுப்போன ஊனுண்ணும் கடல் நத்தை இனமாகும். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் முள்சங்குகள் அடங்கிய முரிசிடே குடும்பத்தைச் சேர்ந்த இதன் புதைபடிவங்கள், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செயின்ட் மேரிஸ் படிவுத்தொகுதி எனப்படும் மணலும் களியும் கலந்த அடுக்குகளில் கிடைக்கின்றன.

கைக்குள் அடங்கும் இதன் ஓட்டைச் சுற்றி நான்கு தடித்த வரம்புகள் ஓடுகின்றன. குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஒவ்வொரு வரம்பும் அடியில் குறுகி, உச்சியில் இருபுறமும் விரிந்திருக்கும். பெரும்பாலான நத்தை ஓடுகள் கால்சியம் கார்பனேட்டின் எளிதில் கரையும் வடிவமாகிய அரகோனைட்டால் ஆனவை. எக்போராவின் வெளியடுக்கோ அதே கால்சியம் கார்பனேட்டின் உறுதியான வடிவமாகிய கால்சைட்டால் ஆனது. இவ்வுறுதியோடு செம்பழுப்பு நிறமும் அழியாமல் நிலைத்துள்ளது. மேரிலாந்தின் கால்வெர்ட் பாறைச்சரிவுகளில் கிடைத்த எக்போரா ஓடுகளை நீர்த்த அமிலத்தில் கரைத்த ஆய்வாளர்கள், அதே நிறமுடைய மெல்லிய கரிமப் படலங்கள் எஞ்சுவதையும் அவற்றில் அமினோ அமிலங்கள் இருப்பதையும் 2015இல் வெளியிட்டனர். ஓட்டைப் பிணைத்திருந்த புரதத்தின் எச்சமே அப்படலம் என்பது அவர்கள் முடிவு.

இன்றைய முரிசிடே நத்தைகளில் பல, காலடியிலுள்ள உறுப்பொன்று சுரக்கும் அமிலத்தால் சிப்பியின் ஓட்டை இளக்கி, ராடுலா எனும் நுண்பற்கள் நிறைந்த நாடாவால் சுரண்டித் துளையிட்டு, உள்ளிருக்கும் சதையை உண்கின்றன. எக்போராவும் இவ்வாறே இரை தேடியதாகக் கருதப்படுகிறது. இக்குடும்பத்தின் துளை பொதுவாக நேர்ச்சுவருடன் அமைய, நாட்டிசிடே எனும் மற்றொரு நத்தைக் குடும்பத்தின் துளை வாய் அகன்று உள்நோக்கிச் சரிவதால், புதைந்த சிப்பியிலும் வேட்டையாடியது எக்குடும்பம் என ஓரளவு பிரித்தறியலாம்.

எக்போரா பேரினத்தின் முதல் இனத்தைத் தாமஸ் சே 1824இல் விவரித்தார். பேரினப் பெயரைத் திமோத்தி கான்ராட் 1843இல் சூட்டினார். மேரிலாந்துப் படிவங்களும் நெடுங்காலம் சேயின் குவாட்ரிகாஸ்டேட்டா இனமாகவே எண்ணப்பட்டன. துருயிட் வில்சன் 1987இல் இவற்றைத் தனி இனமாகப் பிரித்து, அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் தொல்லுயிரியலாளர் ஜூலியா கார்ட்னரின் (1882–1960) பெயரை இட்டார். குவாட்ரிகாஸ்டேட்டாவை 1984இல் மாநிலப் புதைபடிவமாக அறிவித்திருந்த மேரிலாந்து, 1994இல் சட்டத்தைத் திருத்திக் கார்ட்னெரே என்ற பெயரை ஏற்றது.