கடற்பிராணிகளில் மரபணுச் சேத அளவீடு: கோவளம் கழிமுகம்

கடல்நீரில் கலக்கும் எண்ணெய்க் கழிவும் உலோக உப்புகளும் அந்நீரில் வாழும் மீன், சிப்பி முதலிய பிராணிகளின் உயிரணுக்களுக்குள் புகுந்து, டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை எந்த அளவுக்குச் சிதைத்துள்ளன என்று கணிப்பது மரபணுச் சேத அளவீடாகும். மீன் செத்து மிதப்பதற்கு வெகு காலம் முன்னரே இச்சேதம் தொடங்கிவிடுகிறது.

இதற்கு வழங்கும் முறைகளுள் பிரதானமானவை இரண்டு. முதலாவதில், மீனின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சா சாயமேற்றி, ஆயிரக்கணக்கான சிவப்பணுக்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, உட்கருவின் அருகே தனித்துக் கிடக்கும் சிற்றுட்கருக்களை எண்ணுவார்கள். மனிதனுடைய சிவப்பணுவில் இல்லாத உட்கரு மீனின் சிவப்பணுவில் இருப்பது இங்கே பெரிய சௌகரியம். மற்றொன்று வால்வெள்ளிச் சோதனை. 1984-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்ட்லிங், யோஹான்சன் இருவரும் வகுத்த இம்முறையை, 1988-இல் என்.பி. சிங்கும் அவர் சகாக்களும் காரக் கரைசலில் நடத்தத்தக்கதாகச் செப்பனிட்டனர். அகரோஸ் கூழில் பதித்த உயிரணுவின் சவ்வைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால், உடைந்த டி.என்.ஏ. துணுக்குகள் நேர்மின்வாயை நோக்கி வால்போல நீளும். வாலில் சேர்ந்த டி.என்.ஏ.யின் விகிதமே சேதத்தின் அளவு. உயிரணு இவ்வுடைவுகளைப் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே பழுதுபார்த்துக் கொள்ளுமாதலால் இது அண்மைக் காலத்துத் தாக்குதலையே காட்டும். பழைய சேதத்துக்குச் சிற்றுட்கருவே சாட்சி. கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தார் கடல்நத்தைகளின் டி.என்.ஏ. இழை பிரியும் தன்மையைக் கொண்டும் மரபணுச் சேதத்தை ஆராய்ந்துள்ளனர்.

எம்முறையைக் கையாண்டாலும், ஒப்பிடத் தூய நீர்நிலை ஒன்று இல்லையேல் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் ஆலைக் கழிவுக்கும் இடையே எண்ணூர் கழிமுகத்து மடவை மீன்கள் படும் பாட்டை ஆராய்ந்த சென்னை ஆய்வாளர்கள், மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவளத்தை அத்தகைய இடமாகக் கொண்டனர். டி.என்.ஏ. சிதைவதற்கு ஒரு முக்கிய காரணமான ஆக்சிஜனேற்ற அழுத்தம், கோவளத்து மடவையைக் காட்டிலும் எண்ணூர் மடவையின் கல்லீரலில் மிகுந்திருந்ததை அவர்கள் கண்டனர்.

ஆயினும் கோவளத்தின் தூய்மை சாசுவதமானதன்று. பள்ளிக்கரணைச் சதுப்பின் உபரி நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி இம்முகத்துவாரத்திலேயே கடல் சேர்கிறது. கோடையில் மணல் அடைத்து வாய் மூடும்போதும் வடகிழக்குப் பருவமழையில் திறக்கும்போதும் உப்பின் அளவு பெரிதும் மாறுவதால், அம்மாறுதலின் விளைவையும் நஞ்சின் விளைவையும் பிரித்தறிவது எளிதன்று. ஆகவே ஒரே பருவத்தில் இரு இடங்களிலும் மீன் பிடித்து ஒப்பிடுவதே நியாயம். மேலும் மடவை முட்டையிடக் கடலுக்குச் செல்லும் மீன். ஒரே இடத்து நீருக்குச் சாட்சி சொல்ல, பாறையில் ஒட்டி வாழும் பச்சைச் சிப்பியே அதனினும் தகுதி வாய்ந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்க் குகைவழியில் அடர்ந்து வளர்ந்து பொறியாளர்களுக்குத் தொல்லை தந்த சிப்பி இதுவே. ஆனால் அவ்வளர்ச்சியைத் தடுக்கச் சேர்க்கும் குளோரினும் சிப்பியின் உயிரணுக்களைத் தாக்கக்கூடியதாகையால், ஆய்வுக்குரிய சிப்பிகளை அக்குகைவழிக்கு அப்பாலுள்ள பாறைகளிலிருந்தே எடுத்தல் வேண்டும்.