சிவப்பு அரிக்கேன் முதல் ஆரஞ்சுக் கூம்பு வரை



போன மாதம் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். அக்கா மகன் ஓட்டினான். நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் மேம்பால வேலை நடந்தது. ஒரு தடத்தைக் கூம்பு வைத்து அடைத்திருந்தார்கள். திறந்திருந்த தடத்தில் லாரிகள் ஊர்ந்தன. முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு, உள்ள விட்டுப் போப்பா" என்று சொன்னவன் நான்தான். இரண்டு கூம்புகளுக்கு நடுவே வண்டியைத் திருப்பிக் கொஞ்ச தூரம் போயிருப்பான். நின்றிருந்த ரோலருக்குப் பின்னாலிருந்து, கையில் தூக்குவாளியோடு ஒரு பெண் எழுந்து வந்தார். நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வண்டி அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அந்த அம்மா எங்களைத் திட்டக்கூட இல்லை. பார்த்துவிட்டுப் போனார்.

காலமெல்லாம் வரலாறு நடத்தியவன் நான். அந்தக் கூம்பு எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் பக்கம் பாலம் வேலை நடந்தால் சாலைக்குக் குறுக்கே வெள்ளையடித்த தார் பீப்பாய், நாலு கருங்கல், ஒரு முள் கிளை. இரவானால் சிவப்பு அரிக்கேன் விளக்கு. காற்றில் அணைந்துவிட்டால் அதுவும் இல்லை. அப்போது இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே கதைதான். அந்நாட்டின் முதல் மோட்டார்வே பிரஸ்டன் புறவழிச்சாலை. அதைப் போடும்போது சிவப்பு மண்ணெண்ணெய் விளக்குகளைத்தான் வைத்தார்கள். 1958-இல் அது திறக்கப்பட்டபோதுதான் அவற்றுக்குப் பதிலாகக் கூம்புகள் வந்தன.

கூம்பு அதற்கு முன்பே அமெரிக்காவில் பிறந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சாலைக்கு வண்ணம் பூசும் பிரிவில் வேலை பார்த்த சார்லஸ் ஸ்கேன்லன் என்பவர் உருவாக்கியது அது. அதுவரை இருந்த மரத் தடுப்புகள் கண்ணில் சரியாகப் படவில்லை, காற்றில் விழுந்தன, இடித்தால் உடைந்தன. அவர் ரப்பரில் கூம்பு செய்தார். உரசினால் சாய்ந்து நிமிரும், வண்டிக்கும் சேதமில்லை. 1943-இல் காப்புரிமை கிடைத்தது. ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சைக்கிளைக்கூட நிறுத்தும் பலம் அதற்குக் கிடையாது. ஓட்டுபவர் மதித்தால்தான் அது வேலை செய்யும்.

ஆரஞ்சு நிறத்துக்கும் காரணம் உண்டு. மண், மரம், வானம் எதிலும் கலந்துவிடாமல் தனித்துத் தெரியும். 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தண்டவாளத் தொழிலாளர்களுக்குப் பளீரென்ற ஆரஞ்சு மேலங்கி கொடுத்துப் பார்த்தார்கள். இன்று சாலைப் பணியாளர்கள் போட்டிருக்கும் அங்கிக்கு அதுதான் முன்னோடி. அமெரிக்காவில் சாலைப் பணிப் பலகைகளுக்கு ஆரஞ்சு நிறம் 1971-இல் விதியானது. அங்கியில் இருக்கும் வெள்ளிப் பட்டை இரவுக்கானது. நம் வண்டி விளக்கின் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். நம் விளக்கில் புழுதி படிந்திருந்தால் அந்த மனிதர் நமக்குத் தெரியமாட்டார்.

நம் நாட்டில் 1927-இல் அமைத்த ஜெயகர் குழுவின் தொடர்ச்சியாக 1934-இல் இந்தியச் சாலைப் பேராயம் உருவானது. சாலைப் பணியிடப் பாதுகாப்புக்கென்றே அது 2001-இல் தனி வழிகாட்டி வெளியிட்டு, 2014-இல் திருத்தியது. அதன்படி பணியிடம் நான்கு பகுதி. முதலில் எச்சரிக்கைப் பலகைகள். அங்கேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்து தடம் குறுகும் இடம்; முந்தாமல் வரிசையில் சேர வேண்டும். மூன்றாவது, வேலை நடக்கும் இடம். கடைசியில் சாலை பழையபடி விரியும் இடம்; அதைத் தாண்டும் வரை வேகம் கூட்டக் கூடாது.

வேலையாட்களுக்கு முன்னால் கொஞ்ச தூரம் வெறுமனே விட்டிருப்பார்கள். கட்டுப்பாடு இழந்து ஒரு வண்டி உள்ளே நுழைந்தாலும் ஆட்களை அடிக்காமல் நிற்பதற்கான இடம் அது. நான் "காலி" என்று நினைத்து வண்டியை விடச் சொன்னது அங்கேதான்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 80 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் போகும். ஆளைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்க இரண்டு வினாடி ஆனால் அதற்குள் 44 மீட்டர் போய்விடும். வேகத்தைப் பாதியாக்கினால் இந்தத் தூரம் பாதியாகும். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் கால்பங்காகும். இரண்டு கி.மீ. பணியிடத்தை 80-இல் கடக்க ஒன்றரை நிமிடம், 40-இல் மூன்று நிமிடம். நாம் மிச்சம் பிடிப்பது ஒன்றரை நிமிடம்.

பல இடங்களில் பலகையே இல்லையே சார் என்று கேட்பீர்கள். உண்மைதான். பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. குறையைக் கண்டால் புகார் செய்யுங்கள். ஆனால் அன்று எங்கள் முன்னால் பலகை இருந்தது, கூம்பும் இருந்தது.

பைக்கில் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தார் சுரண்டிய சாலையில் சக்கரம் இழுக்கும், ஜல்லியில் வழுக்கும். அங்கே சட்டென்று முன் பிரேக் பிடிக்காதீர்கள். ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தில் இரண்டு திசை வண்டிகளையும் விட்டிருந்தால் எதிரே வருபவருக்கும் நமக்கும் நடுவே தடுப்புச் சுவர் இருக்காது. அங்கே முந்தவே வேண்டாம்.

தாலி கட்டும் நேரத்துக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை. பந்திக்குத்தான் போனோம். இலையின் முன் உட்கார்ந்தபோது அந்தத் தூக்குவாளிதான் கண்ணில் நின்றது.

என் மாணவர்களில் சிலர் சாலை வேலையில் இருக்கிறீர்கள் என்று தெரியும். வண்டி ஓட்டும் எங்களுக்கு நீங்கள் சொல்ல விரும்புவதைக் கீழே எழுதுங்கள். எல்லோரும் படிக்கட்டும்.