மழைச் சங்கிலியும் சாம்பியன் ரீப்ஸ் தகரக் கூரையும்

போன மாதம் எங்கள் மெல்பர்ன் வீட்டில், கூரைத் தண்ணீரை இறக்கும் பிளாஸ்டிக் குழாய் உடைந்துவிட்டது. புதுக் குழாய்க்குப் பதில் ஒரு செப்புச் சங்கிலி வாங்கி மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் "ஜப்பான் ஸ்டைலா?" என்று கேட்டார். தலையாட்டி வைத்தேன். ஆனால் மனசு போனது ஜப்பானுக்கு இல்லை, சாம்பியன் ரீப்ஸுக்கு!

ஜப்பானில் இதன் பெயர் 'குசாரிதோய்'. குசாரி என்றால் சங்கிலி. அங்கே கோயில்களிலும் தேநீர் இல்லங்களிலும் தொங்கும். சூத்திரம் ரொம்ப எளிது. தண்ணீருக்கு உலோகத்தை ஒட்டிக்கொண்டு இறங்கும் குணம் உண்டு. கூரை வாய்க்காலின் துளையில் குறுக்காக ஒரு கம்பி, அதில் சங்கிலி, அடி ஆடாமலிருக்க ஒரு கனம், கீழே தொட்டி. அவ்வளவுதான். வெறும் வளையங்களைவிடச் சின்னக் கிண்ணங்கள் கோத்த சங்கிலியில் சிதறல் குறைவு. அடைமழைக்கு மட்டும் இது தாங்காது, வேறு வழியும் வைக்க வேண்டும்.

நம்மவர்களுக்குச் சங்கிலி என்றதும் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் நினைவுக்கு வரும். விஜயநகர காலத்து மண்டபம், கூரை மூலைகளில் கல் சங்கிலி. அது மழைநீருக்காகச் செய்ததல்ல, சிற்பியின் திறமைக்குச் சாட்சி. எங்கள் லைன் வீட்டுச் சங்கிலியோ நேர் எதிர். அழகுக்கு அதில் வேலையே இல்லை.

கோலார் தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் சுரங்கத் தொழிலைப் பெரிதாக்கியபோது, வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் நம் ஆட்கள் திரண்டு வந்தார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. குடிநீர், பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. இத்தனை இருந்தும் எங்கள் லைனில் தெருக்குழாய் முன்னால் குடங்கள்தான் வரிசையில் நிற்கும்.

அதனால் அப்பா தகர ஷீட்டின் ஓரத்தில் ஒரு தகரத்தை வாய்க்கால் போல மடித்துக் கட்டினார். மூலையில் பழைய கிணற்றுச் சங்கிலி, கீழே டிரம். முதல் மழையைப் பிடிக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சயனைட் மண்மேட்டுத் தூசி கூரையில் படிந்திருக்குமே! அடுத்தடுத்த மழையையும் துணி துவைக்க, பாத்திரம் கழுவத்தான் எடுப்போம்.

பேங்க்காரன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்குமா? ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். பத்துக்குப் பத்து அடி அறை என்றால் சுமார் 9 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைக்கு 180 லிட்டர், அதாவது பன்னிரண்டு குடம். அம்மாவுக்குப் பன்னிரண்டு நடை மிச்சம்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை, வீடு, கரண்ட், தண்ணீர், ஆஸ்பத்திரி என்று எல்லாமே சுரங்கத்தை நம்பியிருந்த ஊர் அது. மழை மட்டும்தான் சுரங்கத்தைக் கேட்டு வந்ததில்லை. அந்த வருஷமும் மழை பெய்தது. அப்பா சங்கிலியைத் துடைத்து மறுபடி மாட்டினார். ஒன்றும் பேசவில்லை.

இங்கே மகள் சங்கிலியில் தண்ணீர் இறங்குவதை அழகு என்று பார்க்கிறாள். நான் டிரம் நிரம்பிவிட்டதா என்று பார்க்கிறேன்.