இறையிலிப் பட்டியலும் அரசும்: சோழர் நில ஆவணங்கள் பற்றிய ஒரு குறிப்பு

சோழர் அரசின் இயல்பு பற்றிய விவாதம் நீண்ட வரலாறு உடையது. வலிமைமிக்க மத்திய நிர்வாகத்தையும் உயிர்ப்புள்ள கிராம சபைகளையும் ஒருங்கே கொண்ட பேரரசாக அதனை 1930களில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி கண்டார். பேர்ட்டன் ஸ்ரைன் 1980 இல் வெளியிட்ட நூலில், 'நாடு' எனும் வேளாண் பிரிவுகளே உண்மையான அதிகார நிலைக்களங்கள் என்றும், மன்னனது மேலாண்மை பெரும்பாலும் சடங்குநிலைப்பட்டதே என்றும் வாதிட்டார். எ. சுப்பராயலு, நொபொரு கரஷிமா ஆகியோர் சாசனச் சொற்களைத் தொகுத்து, எண்ணி ஆராய்ந்ததன் பயனாக ஸ்ரைனின் கருத்துப் பெரிதும் வலுவிழந்தது. எனினும், அரசு எவ்வளவு வலியது என்ற வினா எழுப்பப்பட்ட அளவிற்கு, அது எவரது உழைப்பின்மீது நின்றது என்ற வினா எழுப்பப்படவில்லை.

அரசின் வலிமைக்குச் சான்றுகள் உள. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில், ஏறத்தாழ 1001 இல், நிலம் அளக்கப்பட்டது. மன்னனின் விருதுப்பெயர்களைத் தாங்கிய வளநாடுகள், பழைய நாடுகளை உள்ளடக்கி வகுக்கப்பட்டன. புரவுவரித் திணைக்களம் வரிக் கணக்குகளைப் பேணியது. 1/320 ஆகிய முந்திரிகைக்கும் கீழ்ப்பட்ட பின்னங்கள் வரை வேலிக் கணக்கு எழுதப்பட்டது. இத்தகைய நுணுக்கம் வெறுஞ் சடங்குக்கு வேண்டியதன்று. உபரியைத் திரட்டுதற்கே வேண்டியது.

இவ்விடத்தில் தஞ்சைப் பெருங்கோயிற் சாசனங்களை நாம் கூர்ந்து நோக்குதல் தகும். கோயிலுக்கு வருவாய் அளித்த ஊர்களின் மொத்த நிலம் முதலிற் கூறப்படுகிறது. பின்னர் வரி விதிக்கப்படாத நிலம் கழிக்கப்படுகிறது. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவற்றுடன் கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் இக்கழிவிலே இடம்பெறுகின்றன. எஞ்சிய நிலத்துக்கே இறை குறிக்கப்படுகிறது. அது வேலி ஒன்றுக்கு ஏறக்குறைய 100 கலம் நெல். ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது.

உழப்பறையர் என்ற பெயரே இச்சாசனங்களில் வருகின்றது. ஆயின், அவர்தம் உழைப்பு இவற்றிற் கணக்கிடப்படவில்லை. அவர் குடியிருந்த நிலமே கணக்கிடப்பட்டது, அதுவும் இறை தாராத நிலமாக. சேரி இறையிலியானமை சலுகையன்று. வரி நிலவுடைமையாளரையும் ஊரையும் நோக்கியே விதிக்கப்பட்டது. உடைமையற்றோர் அரசின் நிதிக் கண்ணுக்குத் தென்படவில்லை. வெட்டி என்னும் கட்டாய உழைப்பு வரிச் சொற்களுள் ஒன்றாக வழங்கியமையும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது.

இந்த ஏற்பாடு காவிரிச் சமவெளியோடு நின்றுவிடவில்லை. மும்முடிச் சோழமண்டலம் எனப் பெயரிடப்பட்ட ஈழத்து ஊர்களின் வருவாயும் தஞ்சைக் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. புதிதாக வென்ற நிலப்பரப்பு, மண்டலம் என்ற பெயரைப் பெற்றதோடு வருவாய்க் கணக்கிலும் ஏற்றப்பட்டது. ஆள்புல ஆட்சியும் அரசிறையும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

ஆகவே, சோழ அரசைப் பொற்காலமெனப் போற்றுவோரும் வெறும் சடங்கரசெனக் குறைப்போரும் ஒரே ஆவணத்தின் ஒரு பாதியையே படிக்கின்றனர் எனலாம். கழிக்கப்பட்ட நிலத்தின் பட்டியலையும் சேர்த்துப் படிக்கும்போதே அவ்வரசின் வர்க்க இயல்பு புலப்படும். சாசனங்கள் உடைமையாளரின் ஆவணங்கள். அவற்றிலிருந்து உழைத்தோரின் வரலாற்றை எழுத முற்படுவோர் வரி விதித்த பகுதியோடு நின்றுவிடலாகாது. வரி நீக்கிய பகுதியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.